நிழலில் வாழும் மீன்கள்

காட்டில் வாழ்வது விலங்கு, மரத்தில் வாழ்வது பறவை, நீரில் வாழ்வது மீன் என்று பிரித்துச் சொல்வது உலக வழக்கம். பள்ளிப் புத்தகங்களும் அப்படியே சொல்லித் தருகின்றன. கடல் மீனுக்கும் பேராற்று மீனுக்கும் இவ்வழக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் போர்னியோவிலும் மழைக்காட்டின் நடுவே ஊர்ந்து செல்லும் சிற்றோடைகளின் மீன்களுக்கு அது சற்றும் பொருந்தாது. அம்மீன்கள் நீந்துவது நீரில், பிழைத்திருப்பதோ காட்டினால். காட்டை வெட்டிவிட்டு ஓடையை மட்டும் விட்டு வைத்தால் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் மீனும் இருக்கும். ஆனால் முன்பிருந்த மீன் இராது.

"சாலையோரச் சாக்கடையிலும் மீன் துள்ளுகிறதே, பிறகு மீன் அழிகிறது என்று சொல்வானேன்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. சிங்கப்பூரின் கான்கிரீட் வாய்க்கால்களிலும் கோலாலம்பூரின் லோங்காங்குகளிலும் கப்பி மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. குட்டைகளில் திலாப்பியா பெருகிக் கிடக்கிறது. இவ்விரண்டும் இம்மண்ணின் மீன்கள் அல்ல. கப்பி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது; கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காகப் பல நாடுகளில் கொண்டுவந்து விடப்பட்டது. திலாப்பியா ஆப்பிரிக்க மீன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் மலாய் மக்கள் அதற்கு ஜப்பான் மீன் என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே மீனைத் தலைக்கணக்காக எண்ணுவது ஒன்று, வகைக்கணக்காக எண்ணுவது வேறொன்று. தலைக்கணக்கு நிறைந்திருக்கும்போதே வகைக்கணக்கு வற்றிப்போகக் கூடும். காடழிவின் நட்டத்தை இரண்டாவது கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இருண்ட ஓடைக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

மழைக்காட்டின் சிற்றோடை பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் அகலம்தான் இருக்கும். முழங்கால் அளவுக்கு மேல் ஆழம் இருப்பதும் அரிது. இரு கரை மரங்களும் தலைக்கு மேல் கை கோத்துக் கூரையிட்டு விடுவதால் உச்சிப் பொழுதிலும் அங்கு மாலை மயக்கம் போன்ற ஒளியே உண்டு. தாழ்நிலக் காட்டோடையின் வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் அளவில் இரவும் பகலும் பெரிதாக மாறாமல் நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும் நாளில் அவ்வோடையில் கால் வைத்தவர்களுக்கு அந்தக் குளுமை நன்றாகத் தெரியும்.

குளம் குட்டைகளில் உணவுச் சங்கிலி கதிரவனிடமிருந்து தொடங்குகிறது. வெயில் பட்டுப் பாசி வளர்கிறது. பாசியைச் சிற்றுயிர்கள் தின்கின்றன. சிற்றுயிர்களை மீன் தின்கிறது. ஆனால் வெயிலே படாத காட்டோடையில் பாசி மிகக் குறைவு. அப்படியானால் அங்குள்ள மீன்கள் எதைத் தின்று பிழைக்கின்றன? விடை தலைக்கு மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் மரங்கள் இலையுதிர்த்த வண்ணம் இருக்கின்றன. ஓடையில் விழுந்த இலைகள் கல்லிடுக்கிலும் வேரிடுக்கிலும் தங்கி மெத்தை மெத்தையாகப் படிகின்றன. பூஞ்சணமும் நுண்ணுயிரும் அவற்றை மென்மையாக்க, இறாலும் நண்டும் பூச்சிப் புழுக்களும் அவற்றைத் தின்கின்றன. மீன்கள் அந்த இறாலையும் புழுவையும் தின்கின்றன. சமையலறை காட்டில் இருக்கிறது. ஓடை வெறும் உண்ணும் கூடம்.

இலை மட்டுமன்று. கிளைகளிலிருந்து தவறி விழும் எறும்பு, வண்டு, சிலந்தி எல்லாம் ஓடைக்கு வரும் அன்றாடப் படி. ஜூலோங் என்று மலாயில் வழங்கும் அரையலகு மீன் ஒன்று காட்டோடைகளில் உண்டு. கீழ்த்தாடை மட்டும் ஊசிபோல் முன்னே நீண்டிருக்கும்; நீரின் மேற்பரப்பை ஒட்டியே நின்று, மேலிருந்து விழுவதைக் கவ்வும். முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும் மீன் அது. எறும்பு விழும் கிளை இல்லையென்றால் இந்த மீனுக்கு அங்கே வேலை இல்லை.

மேற்பரப்பு ஜூலோங்கின் இடம் என்றால், நடுநீர் சிறு கெண்டை இனங்களின் இடம். அடியில் கூழாங்கல் இடுக்கில் அயிரை இனங்கள். இலைமெத்தைக்குள்ளே புகுந்து வாழும் கெளுத்தி வகைகள் தனி. கரையோர வேர்களின் நிழலில் காட்டு விரால் காத்திருக்கும். தாடையைக் குழாய்போல் முன்னே நீட்டி இரையை இழுத்துக்கொள்ளும் விந்தையான வேட்டைக்கார மீன் ஒன்றும் இலைகளுக்கிடையே அசையாமல் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் ஒரு காய்ந்த இலைதான். சண்டை மீன் இனத்தைச் சேர்ந்த பெட்டா பக்னாக்ஸ் என்பதை 1849-இல் தியோடர் கேண்டர் என்னும் அறிஞர் பினாங்கு ஓடையிலிருந்து எடுத்து உலகுக்கு அறிவித்தார். இதன் ஆண் மீன் முட்டைகளை வாயில் அடக்கி, தீனியை மறந்து, குஞ்சு பொரிக்கும் வரை காக்கிறது. பத்தடி நீள ஓடைக்குள் இத்தனை குடியிருப்புகள். ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிக்காமல் வாழ்வதால்தான் ஒரே ஓடையில் இத்தனை வகை மீன்கள் அடங்குகின்றன.

உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஹார்லிக்குவின் மீனை அறியாதார் குறைவு. செம்பொன் நிற உடலில் கறுப்பு முக்கோணம் தீட்டியது போன்ற அழகு மீன். 1904-இல் டங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் இட்டார். அதன் தாயகம் மலாயா, சிங்கப்பூர், சுமத்திரா ஆகிய இடங்களின் நிழலான காட்டோடைகளே. பெண் மீன் தலைகீழாகத் திரும்பி, நீரில் வளரும் அகன்ற இலைச் செடியின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டுகிறது. அந்தச் செடியோ நிழலில் வளர்வது. மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் செடி போகும். செடி போனால் முட்டையிட இடமில்லை. தொட்டியில் இம்மீன் இலட்சக் கணக்கில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது என்பது வேறு கதை. கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஓடையிலும் இருக்கிறது என்று கொள்ள முடியாது.

சற்றுப் பெரிய ஆறுகளிலும் இந்த உறவு அறுவதில்லை. மீன்பிடிப்போர் பெரிதும் விரும்பும் கெலா மீன், கரையோர மரங்களின் பழங்கள் நீரில் விழும் இடத்தில் வந்து கூடும். பகாங்கின் தாஹான் ஆற்றில், தேசியப் பூங்காவினுள், லூபோக் தெனோர் என்ற மடுவில் கெலா காப்பிடம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு அம்மீன்கள் பெருத்துத் திரிவதற்கு வலை வீசாமை ஒரு காரணம். ஆற்றின் இரு கரையிலும் காடு முழுமையாக நிற்பது இன்னொரு காரணம்.

மரம் விழுந்த பின்

கரை மரங்கள் வெட்டப்பட்டதும் முதலில் வருவது வெயில். நண்பகலில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், இரவில் இறங்கும். வெந்நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பது இரசாயனப் பாடம். குளிர்ந்த, ஓட்டமுள்ள நீருக்குப் பழகிய மீன் அங்கே மூச்சுத் திணறும். வெயிலைக் கண்டதும் புல்லும் களையும் ஓடையின் இரு ஓரத்தையும் நடுவையும் அடைக்கின்றன. இலையுதிர்வு நின்றுவிட்டபடியால் பழைய சமையலறை மூடப்பட்டு, பாசிச் சமையல் தொடங்குகிறது. அதை உண்ணத் தெரிந்த மீன்கள் வேறு.

இரண்டாவதாக வருவது மண். உண்மையில் இதுவே பெரிய பகை. காட்டு மண்ணை வேர்களும் சருகுகளும் பிடித்து வைத்திருக்கின்றன. மழைத்துளி நேராக மண்ணை அடிப்பதில்லை. மரம் போன இடத்தில் ஒவ்வொரு பெருமழையும் மேல்மண்ணைக் கரைத்து ஓடைக்குள் தள்ளுகிறது. வெட்டிய மரத்தைவிட, அதை இழுத்துச் செல்லப் போட்ட பாதையே அதிக மண்ணைக் கொட்டுகிறது என்பது சபாவின் டானும் பள்ளத்தாக்கில் நடந்த நெடுங்கால அளவீடுகளில் தெளிவானது. மலைச்சரிவில் புல்டோசர் கீறிய செம்மண் பாதை, மழை நாளில் தானே ஓர் ஓடையாகி விடுகிறது.

வண்டல் கூழாங்கல் இடுக்குகளை அடைத்துவிட்டால் அயிரை மீனுக்கு வீடில்லை. போர்னியோவின் மலையோடைகளில் வயிற்றுப்புறத்தையே உறிஞ்சு தட்டாக மாற்றிக்கொண்டு பாறையில் ஒட்டி வாழும் மீன்கள் உண்டு. பெருவெள்ளமும் அவற்றை அசைக்காது. ஆனால் பாறைமேல் ஒரு விரற்கடை சேறு படிந்தால் அவை ஒட்டவும் முடியாது, பாறையைச் சுரண்டி உண்ணவும் முடியாது. வெள்ளத்தை வென்ற மீனைச் சேறு வெல்கிறது. கற்களுக்கிடையே இடப்பட்ட முட்டைகளும் அவ்வாறே சேற்றுக்கடியில் மூச்சடைத்துப் போகின்றன.

மூன்றாவது இழப்பு பலர் கவனிக்காதது. காட்டோடையில் விழுந்து கிடக்கும் அடிமரங்கள் வெறும் தடங்கல்கள் அல்ல. அவை நீரைத் தடுத்து மடுவாக்குகின்றன. சருகைப் பிடித்து வைக்கின்றன. மீனுக்கு ஒளிவிடம் தருகின்றன. ஓடையைச் "சுத்தம்" செய்கிறோம் என்று அவற்றை அகற்றி, நேராக வெட்டி விட்டால், மடுவும் துள்ளலும் மாறி மாறி வந்த ஓடை ஒரே மட்டமான வாய்க்காலாகி விடுகிறது. நீர் வேகமாக ஓடும்; பொறியாளருக்கு அது திருப்தி. மீனுக்கு நிற்க இடமில்லை.

மரம் வெட்டினால் ஓடை வற்றிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. விஞ்ஞானம் இங்கே சற்று வேறு விதமாகப் பேசுகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பெரெம்புன் என்னுமிடத்தில் 1980-களில் அடுத்தடுத்த சிறு பள்ளத்தாக்குகளை ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒன்றில் வழக்கமான முறையில் மரம் வெட்டப்பட்டது. மற்றொன்றில் கரையோரக் காட்டை விட்டு, மேற்பார்வையுடன் வெட்டப்பட்டது. முதலாவதில் ஓடைநீர் 70 விழுக்காடு கூடியது. இரண்டாவதில் 37 விழுக்காடு கூடியது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கிய நீர் இப்போது ஓடைக்கு வருவதால் இந்தப் பெருக்கம். ஆக நீர் குறையவில்லை, கூடியது. ஆனால் கூடி வந்த நீர் கலங்கல் நீர். மீனுக்கு வேண்டியது நீரின் அளவு மட்டுமன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பின் எஞ்சி நிற்பவை எவை? விரால், கெளிறு, பனையேறிக் கெண்டை, செப்பாட் ஆகியவை. இவை நீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றை நேரே உட்கொள்ள வல்லவை, வயற்சேற்றிலும் வாழும். மலாய் மக்கள் ஹாருவான், கெலி, புயூ என்று அழைத்து உண்ணும் இம்மீன்கள் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை எங்கும் இருப்பவை. மேற்காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் பெட்டா பக்னாக்ஸுக்கும் உண்டு. அப்படியிருந்தும் நிழலும் சருகும் போன ஓடையில் அது தங்குவதில்லை. ஓடை ஓடையாக வெட்டிக்கொண்டே போனால், நூறு ஓடைகளில் நூறு விதமாக இருந்த மீன் கூட்டம், நூறு ஓடைகளிலும் ஒரே விதமாகி விடுகிறது.

களை இல்லாத தோட்டம், கலங்கிய ஆறு

இந்நாட்டில் காடு பெருமளவில் மறைந்தது இரப்பர் வந்த பிறகு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் விரிந்தபோது, துரைமார் ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தனர். இரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஆணும் பெண்ணுமாகக் குனிந்து நாள் முழுதும் சங்கோலால் களை கொத்தினர். தரை துடைத்து வைத்த திண்ணைபோல் இருந்தால்தான் அது நல்ல தோட்டம் என்று பெயர். திண்ணையில் மழை பெய்தால் என்ன ஆகும்? மலைச்சரிவுகளின் மேல்மண் முழுதும் ஓடைகளில் இறங்கியது. கொத்தியவர்கள் மேல் இதில் பழியில்லை. கட்டளை வேறிடத்திலிருந்து வந்தது.

மண் போவது இரப்பருக்கே கேடு என்று கண்டுகொண்ட பிறகுதான், உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், முறை மெல்ல மாறியது. படிக்கட்டு வரப்பு, வண்டல் குழி, நிலத்தை மூடும் பயற்றங்கொடிகள் ஆகியவை தோட்டங்களில் வந்தன. அந்தக் கொடிகளின் பயன் மரத்தோடு நிற்கவில்லை. கீழே ஓடும் ஆற்றுக்கும் சென்றது. இரப்பர் தோட்டத்தை மழைக்காட்டுக்கு ஈடு சொல்ல முடியாது என்றாலும், முதிர்ந்த இரப்பர் ஓரளவு நிழலும் சருகும் தருவது. வெட்டவெளி ஓடையைவிட அது மேல். தோட்டத்து ஓடைகளில் கூடையும் தூண்டிலுமாகப் பிள்ளைகள் மீன் பிடித்த காலம் பலர் நினைவில் இருக்கும். அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மேலே சொன்ன விராலும் கெளிறும் பனையேறியுமே. காட்டோடைக்குரிய மீன்கள் அதற்கு முந்தைய தலைமுறையிலேயே பின்வாங்கிவிட்டன.

ஈயச் சுரங்கங்கள் ஆறுகளில் கொட்டிய மணலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் சேற்று முனை என்பதே கோலாலம்பூர் என்ற பெயரின் பொருளாகக் கூறப்படுகிறது. அந்தக் கோம்பாக் ஆற்றின் தலைப்பகுதி இன்னும் காட்டினுள் இருக்கிறது. மலாயாப் பல்கலைக் கழகம் 1965-இல் அங்கு ஒரு கள ஆய்வு நிலையத்தை நிறுவியது. பிஷப் என்னும் ஆராய்ச்சியாளர் அவ்வாற்றை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட நூல், வெப்ப மண்டலச் சிற்றாறுகளைப் பற்றிப் படிப்போர்க்கு அடிப்படை நூல்களில் ஒன்றாகிவிட்டது.

சிங்கப்பூர் காட்டும் கணக்கு

காடழிவு மீனை என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரைப் போலத் தெளிவான சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது. தீவு சிறியது, காடு அழிந்த காலம் தெரியும், அங்கே மீன்களைச் சேகரித்துப் பட்டியலிட்டவர்களும் பலர். 1819-க்குப் பின் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் தீவெங்கும் பரவின. கம்பீர் இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும்; விறகுக்குப் பக்கத்துக் காடு. சில ஆண்டுகளில் மண் வலுவிழக்க, தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குச் சென்றனர். 1883-இல் தாவரத் தோட்டத் தலைவர் நதானியல் கேன்ட்லி காடுகளின் நிலையை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை தந்தார். அதன் பிறகே ஒதுக்குக் காடுகள் என்ற ஏற்பாடு வந்தது.

ஆனால் மீன்களைக் காத்தது அந்த ஏற்பாட்டைக் காட்டிலும் குடிநீர்த் தேவை என்றே சொல்ல வேண்டும். தாம்சன் சாலை நீர்த்தேக்கம் 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது; பின்னாளில் அது மெக்ரிச்சி என்ற பெயர் பெற்றது. நகரத்தார் குடிக்கும் நீர் கலங்கக் கூடாது என்பதற்காக அதைச் சுற்றியும், பின்னர் வந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியும் காடு விட்டு வைக்கப்பட்டது. மீனை எவரும் நினைக்கவில்லை. தண்ணீரை நினைத்தார்கள், மீன் பிழைத்தது.

அப்படிப் பிழைத்த இடங்களில் தலையாயது நீ சூன் சதுப்புக் காடு. அன்னாசி, இரப்பர் வணிகத்தில் புகழ் பெற்ற லிம் நீ சூன் என்பவரின் பெயர் அவ்வட்டாரத்துக்கு அமைந்தது. அதன் மாண்டரின் ஒலிப்பே இன்றைய யீஷூன். தீவில் ஓரளவு பெரிதாக எஞ்சியுள்ள நன்னீர்ச் சதுப்புக் காடு இது ஒன்றே. மேலே சொன்ன ஹார்லிக்குவின் மீனும் குழாய்வாய் வேட்டைக்கார மீனும் இங்கே உண்டு. சிங்கப்பூரில் வேறெங்கும் காணாத மீன் வகைகள் பல இந்த ஒரு சதுப்பில் ஒதுங்கியிருக்கின்றன. அமெரிக்க மீனியல் அறிஞர் ஆல்பர்ட் ஹெர் 1930-களில் இத்தீவில் மீன்களைச் சேகரித்தார். சிங்கப்பூர் அருங்காட்சியக அறிஞர் எரிக் ஆல்பிரட் 1966-இல் தீவின் நன்னீர் மீன்களைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். இத்தகைய பழைய பட்டியல்கள் இருப்பதால்தான் எது போயிற்று என்று இன்று சொல்ல முடிகிறது. பட்டியல் போடுவது வறண்ட வேலை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்.

2003-இல் பிரிட்டனின் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, 183 ஆண்டுகளில் சிங்கப்பூர் தன் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்ததாகக் கணித்தது. எஞ்சிய உயிர்வகைகளில் பாதிக்கு மேற்பட்டவை தீவின் பரப்பில் 0.25 விழுக்காடே உள்ள காப்புக் காடுகளில் வாழ்வதாகவும் அது கூறியது. எழுதப்படாமலே மறைந்த உயிர்களையும் சேர்த்தால் இழப்பு 73 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது அப்போதைய ஊகம். இருபது ஆண்டு கழித்து 2023-இல் வெளியான புதிய கணக்கு அதைத் திருத்தி, எல்லா உயிரினங்களையும் சேர்த்து இழப்பு 37 விழுக்காடு அளவில் இருக்கும் என்றது. பழைய ஊகம் மிகை என்றாலும், மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது என்பது சிறு செய்தியன்று.

தேயிலைச் சாறு போன்ற நீர்

ஓடைகளிலும் தனித்தன்மை மிக்கவை கரிச் சதுப்புக் காட்டின் கருநீர் ஓடைகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் குவிந்த மரக்கழிவின் மேல் நிற்கும் காடு அது. நீர் பால் கலக்காத தேயிலைச் சாறு போலிருக்கும். புளிப்புத் தன்மை மிகுந்தது. பார்ப்பதற்கு அதில் எந்த உயிரும் வாழாது என்றே தோன்றும். அறிஞர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணி அங்கு வலை போடாமல் விட்டனர்.

வலை போட்டபோது வியப்பு காத்திருந்தது. சுமத்திராவின் கரிச் சதுப்பில் கிடைத்த பீடோசிப்ரிஸ் என்னும் மீனை 2006-இல் மோரிஸ் கோட்டலாட் முதலிய நால்வர் அறிவித்தனர். முதிர்ந்த பெண் மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியளவுதான். உலகின் மிகச் சிறிய மீன்களில் ஒன்று அது. வட சிலாங்கூரின் கரிச் சதுப்புக் காட்டிலிருந்து பெட்டா லிவிடா 1992-இல் அறியப்பட்டது. ஜொகூரின் ஆயர் ஹித்தாம் பகுதியிலிருந்து பெட்டா பெர்செபோனி 1986-இல் அறியப்பட்டது. கருநீலமான இச்சிறு மீன், ஓடை வற்றும் நாளில் ஈரச் சருகுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும் இயல்புடையது. அது வாழ்ந்த சதுப்புகளில் பெரும்பகுதி இன்று செம்பனைத் தோட்டமாகவும் சாலையாகவும் மாறிவிட்டது.

இம்மீன்கள் ஒரு சதுப்பிலிருந்து மற்றொரு சதுப்புக்குப் போக மாட்டா. இடையிலுள்ள ஆற்றின் தெளிந்த, புளிப்பில்லாத நீரே அவற்றுக்கு வேலி. அதனால் ஒவ்வொரு சதுப்பும் தனக்கெனச் சில மீன்களை வைத்திருக்கிறது. இரப்பர்க் காட்டோடையில் ஒரு மீன் மறைந்தால் அடுத்த மலையில் அது இருக்கக் கூடும். கரிச் சதுப்பு ஒன்று வடிக்கப்பட்டால் சில மீன்கள் உலகத்திலிருந்தே போய்விடும். சதுப்பில் ஒரு வாய்க்கால் வெட்டினாலே போதும். நீர் வடிகிறது, கரிமண் காய்கிறது, அமிழ்கிறது, பின்பு தீப்பிடிக்கிறது. 1997-இலும் 2015-இலும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிய புகைமூட்டம் பெருமளவு இத்தகைய தீயிலிருந்தே வந்தது. மறுபுறம், வட சிலாங்கூர்ச் சதுப்பு நின்ற இடத்தில் நின்று தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் கொடுத்து வருகிறது.

கரையில் எவ்வளவு காடு வேண்டும்?

செம்பனையும் மரத் தொழிலும் இல்லாமல் இவ்வட்டாரத்துப் பொருளாதாரம் இல்லை. ஆகவே முழுக் காட்டையும் விட்டு வை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. ஓடையின் இரு கரையிலும் ஒரு பட்டைக் காட்டை விட்டுவிட்டு மற்றதைத் தோட்டமாக்கினால் மீன் பிழைக்குமா என்பதே நடைமுறைக் கேள்வி.

இதற்கு இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாக விடை தருகின்றன. மத்திய கலிமந்தானில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, கரைக்காடு விடப்பட்ட ஓடைகளில் தோட்டம் வருவதற்கு முன்பிருந்த அளவு மீன் வகைகள் இருப்பதாகக் கண்டது. கரைக்காடு இல்லாத ஓடைகளில் வகையும் எடையும் நன்றாகக் குறைந்திருந்தன. சருகும் பருங்கற்களும் இருப்பதே அதற்குக் காரணம் என்றும் காட்டியது. சபாவில் 2017-இல் 23 ஓடைகளை, ஒவ்வொன்றிலும் 100 மீட்டர் நீளத்துக்கு வலையிட்டுப் பார்த்த மற்றோர் ஆய்வு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. வெட்டாத காட்டைத் தவிர மற்ற எல்லா நிலத்திலும் மீன் வகைகள் குறைந்திருந்தன. இருமுறை மரமெடுத்த காடானாலும், கரைக்காடு உள்ள செம்பனையானாலும், இல்லாத செம்பனையானாலும் குறைவு ஏறக்குறைய ஒன்றே.

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். ஆனால் ஓரளவு இணக்கமும் உண்டு. ஒப்பிடும் அளவுகோல் வேறு. முன்பே கைபட்ட நிலத்தைத் தோட்டமாக்கும்போது கரைக்காடு மேலும் இழப்பைத் தடுக்கலாம். கைபடாத காட்டில் முதல் கோடரி விழும்போது போகும் மீனைக் கரைக்காட்டால் திருப்பித் தர இயலாமல் இருக்கலாம். அப்படியானால் எஞ்சிய கன்னிக் காட்டின் ஓடைத் தலைப்புகளைத் தொடாமல் விடுவதும், ஏற்கெனவே தோட்டமான இடங்களில் கரைக்காட்டை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டும் வேண்டியவை.

கரைக்காட்டின் அகலத்துக்கு இங்கு விதிகள் இல்லாமலில்லை. மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி ஆற்றின் அகலத்துக்கேற்ப ஒதுக்கு நிலத்தை வகுத்தது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்குக் கரை ஒன்றுக்கு 50 மீட்டர்; 10 முதல் 20 மீட்டர் ஆற்றுக்கு 20 மீட்டர்; 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். பெரிய ஆற்றின் வெள்ளத்துக்கு இடம் விட வேண்டும் என்ற நோக்கில் இது பொருத்தமே. மீனின் நோக்கில் பார்த்தால் தலைகீழ். பேராறு எப்படியும் வெயிலில்தான் ஓடுகிறது; நிழலையும் சருகையும் நம்பி வாழும் மீன்கள் இருப்பதோ ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடைகளில். ஐந்து மீட்டர் என்பது செம்பனை மரங்கள் இரண்டுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடக் குறைவு. சபா மாநிலத்தின் 1998-ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம் கரையிலிருந்து 20 மீட்டர் விட வேண்டும் என்று தாராளமாகவே விதித்தது. ஆனால் அவ்விதி 3 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள நீரோட்டங்களுக்கே உரியது. ஜூலோங் எறும்புக்காகக் காத்து நிற்கும் இரண்டு மீட்டர் ஓடை அந்த அளவுகோலுக்குள் வரவில்லை.